செத்தவன் வந்து நின்ற கதவு

செத்து ஐந்து மாதமான மனிதன் ஒருவனைக் கார் கதவுக்குள் வரவழைத்து நிறுத்தியவன் நான். அதற்கு வேண்டியிருந்தது ஒரு பஞ்சு வட்டு, கொஞ்சம் பாலிஷ், கையில் பிடித்து ஓட்டும் ஒரு மெஷின், அவ்வளவே. எங்கள் வாரன் ஊர் டோனட் கடையில் இதைச் சொன்னால் சிரிக்காத வாய் கிடையாது. சிரிப்பதில் நியாயமும் இருக்கிறது. போன குளிர்காலத்தில் என் வாசல் பனியை அள்ளி அள்ளிக் கனடாவின் எல்லையையே நாலடி தள்ளி வைத்தேன் என்று சொன்னவனும் நான்தான்.

ஆல்வின் மார்ச் மாதம் போய்ச் சேர்ந்தான். ஜூலைக் கடைசியில் அவன் மனைவி டெலோரஸ், அவனுடைய கறுப்புக் காரை என் கராஜுக்கு இழுத்து வரச் செய்தாள். எழுபதுகளில் வந்த நீளமான இரண்டு கதவு வண்டி. எவ்வளவு நீளம் என்றால், முன் சக்கரத்துக்கு வெயில் அடிக்கும்போது பின் சக்கரத்தில் மழை பெய்யும். பல வருடமாகப் போர்வைக்கடியில் கிடந்து, கரும்பலகை மாதிரி வெளுத்துப் போயிருந்தது.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை உட்வர்ட் சாலையில் பழைய கார்கள் ஊர்வலம் போகும். அதில் இந்த வண்டியும் போகவேண்டும், ஓட்டுவது தன் தம்பி நார்பர்ட்டாக இருக்கவேண்டும் என்று ஆஸ்பத்திரிப் படுக்கையில் ஆல்வின் கேட்டிருந்தான். நார்பர்ட்டோ அண்ணனோடு பேசி இருபது வருடத்துக்கு மேலாகிறது. சாவுக்குக்கூட வரவில்லை.

சண்டை ஒரு பெயிண்டுக்காக. இருவரும் வாலிபர்களாக இருந்தபோது, ஆல்வின் பனியில் சறுக்கி, வண்டியின் வலது கதவை ஒரு கம்பத்தில் நசுக்கிக்கொண்டு வந்தான். நார்பர்ட் அப்போது கார் தொழிற்சாலையில் பெயிண்ட் அடிப்பவன். ஈஸ்டர் விடுமுறை முழுக்க அப்பாவின் கராஜில் குனிந்து நின்று அந்தக் கதவைத் தட்டி, தேய்த்து, தன் கையால் கறுப்பு அடித்துக் கொடுத்தான். பின்னொரு காலத்தில் ஆல்வின் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வண்டியைக் கடையில் விட்டு, புதுப் பெயிண்ட் அடித்து, மேலே கண்ணாடி போல க்ளியர் கோட்டும் பூசி எடுத்து வந்துவிட்டான். "என் வேலையச் சுரண்டித் தூர எறிஞ்சுட்டான்" என்று அன்றைக்கு முகத்தைத் திருப்பிய நார்பர்ட், திருப்பியவன்தான்.

நார்பர்ட் என் எதிர்வீட்டுக்காரன். தினமும் மடக்கு நாற்காலியோடு வந்து என் கராஜ் வாசலில் உட்கார்ந்து, என் பீரைக் குடித்துக்கொண்டு என்னையே திட்டுவது அவன் வழக்கம். கறுப்புக் கார் வந்த அன்றும் வந்தான். நாற்காலியை மட்டும் தெருவைப் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டான்.

"காருக்கு முதுகக் காட்டிக்கிட்டு எதுக்குடா இங்க வர்ற?" என்றேன்.

"பீர் குளிர்ச்சியா இருக்கு. வேற என்ன?"

நான் மெஷினை ஓடவிட்டேன். இது பழைய சுழல் மெஷின் மாதிரி ஒரே இடத்தைச் சுட்டுப் பொசுக்காது. வட்டு சுழலும், சுழன்றுகொண்டே குலுங்கவும் செய்யும். அழுத்திப் பிடித்தால் சுழற்சி நின்றுபோய் வெறுமனே குலுங்கும். அதைக் கண்டுகொள்ள வட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டிருந்தேன். அன்று அது குலுங்கிய குலுக்கலில் என் பொய்ப்பல் போலந்து மொழி பேசியது.

கூரை, டிக்கி மூடி, இடது கதவு எல்லாம் நன்றாகவே வந்தன. வட்டு வெள்ளையாகவே இருந்தது. க்ளியர் கோட் என்றால் அப்படித்தான். அடியில் இருக்கும் நிறம் வட்டில் ஏறக்கூடாது. பிறகு வலது கதவுக்கு வந்தேன். ஒரு தடவைதான் ஓட்டினேன். தூக்கிப் பார்த்தால் வட்டு கரிச்சட்டி துடைத்த துணி மாதிரி இருந்தது.

க்ளியர் கோட்டைத் தின்று தீர்த்து நிறத்துக்குள் இறங்கிவிட்டேன் என்றே நினைத்தேன். புருஷனின் கடைசி ஆசையை நம்பி என் கையில் கொடுத்திருக்கிறாள். அவளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? மெஷினை அணைத்தேன்.

சத்தம் நின்றதும் நார்பர்ட் கழுத்தைத் திருப்பினான்.

"என்னடா? ஓட்டை போட்டுட்டியா?"

நான் வட்டைக் காட்டினேன். அவன் சிரிக்க வாயைத் திறந்தான். திறந்த வாய் அப்படியே நின்றது. எழுந்து வந்தான். வெள்ளைத் துணியில் பாலிஷைத் தொட்டு, கதவின் கீழ் மூலையில், நான் மெஷின் வைக்காத இடத்தில் தேய்த்தான். கறுப்பு. பக்கத்திலிருந்த பின்பக்கத் தகட்டில் தேய்த்தான். வெள்ளை. மறுபடியும் கதவு. கறுப்பு.

"நீ எதையும் பொசுக்கல" என்றான். "இதுல க்ளியரே கிடையாது. இது பழைய பெயிண்டு. என் பெயிண்டு."

"கடைக்காரன் மறந்துட்டானோ என்னவோ?"

"முழுக் காரையும் அடிக்கிறவன் ஒரு கதவ மறப்பானா, முட்டாள்?" தகட்டின் ஓரத்தில் நகத்தை வைத்து மேலிருந்து கீழாக இழுத்தான். "இங்க தொடு."

தொட்டேன். முடியளவு மேடு. புதுப் பெயிண்ட் வந்து நின்ற கரை.

"டேப் ஒட்டிக் கதவ மறச்சுட்டுச் சுத்தி அடிச்சிருக்கான். எவனாவது சும்மா இவ்ளோ மெனக்கெடுவானா? கதவத் தொடாதேன்னு ஆல்வின் சொல்லியிருக்கான்."

"அப்ப சந்தோஷப்படேன்டா!"

"சந்தோஷமா?" என் மேல் பாய்ந்தான். "ஏன் சொல்லல? ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேட்டியா?"

இப்போது நினைத்தால் அதை நான் சொல்லியிருக்க வேண்டாம். எதையாவது சொல்லி ஆளைச் சிரிக்கவைப்பதே என் பிழைப்பு. அந்த ஒரு தடவை வாயிலிருந்து நிஜம் வந்து விழுந்துவிட்டது. நார்பர்ட் என் கையிலிருந்து மெஷினைப் பிடுங்கினான்.

எடுத்த எடுப்பில் ஆத்திரம் முழுவதையும் அதன் மேல் போட்டு அழுத்தினான். வட்டின் கோடு சுழலாமல் நின்று நடுங்கியது.

"அழுத்தாதடா. அது பாட்டுக்குப் போகட்டும்."

"எனக்கே சொல்லித் தர்றியா, புளுகு மூட்டை?" என்றானே தவிர, கையைத் தளர்த்தினான். கோடு மறுபடி சுழன்றது. குறுக்கும் நெடுக்குமாக, அவசரமில்லாமல், அந்தக் கதவு முழுவதையும் அவனே முடித்தான். நான் வட்டு மாற்றிக் கொடுத்ததோடு சரி.

கடைசியாகத் துணியால் துடைத்தபோது சாய்ந்த வெயில் கராஜுக்குள் வந்திருந்தது. கதவா அது? கிணறு. எட்டிப் பார்த்தால் பூமிக்கு அந்தப் பக்கம் நிற்கும் சீனாக்காரனின் தொப்பி தெரியும். நார்பர்ட் எதிரே வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தான். கதவுக்குள் வெள்ளைத் தலை, தொங்கிய கன்னம், ஒரு பக்கம் கோணிய வாய். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே அச்சு. இருபது வருடத்தில் நார்பர்ட்டுக்கும் ஆல்வினைப் போலவே வயதாகியிருக்கிறது. அதை அவன் எந்தக் கண்ணாடியிலும் கவனித்ததில்லை போலும். அவன் தலையை அசைத்தான். உள்ளே இருந்தவனும் அசைத்தான். நார்பர்ட்டின் உதடு திறந்தது, சத்தம் வரவில்லை.

டெலோரஸ் வந்து என் பின்னால் நின்றதை அப்போதுதான் பார்த்தேன். வாளிக்குப் பக்கத்தில் சாவியை வைத்துவிட்டு, "சனிக்கிழமை காலைல நான் கிளம்பி ரெடியா இருப்பேன், நார்பர்ட்" என்றாள்.

அவன் சாவியை எடுக்க வெகுநேரம் ஆயிற்று. எடுத்துக்கொண்டான்.

ஊர்வலத்தன்று உட்வர்ட் சாலையில் வண்டிகள் நத்தையாக ஊர்ந்தன. டெலோரஸ் முன்னால், வலது கதவோரம். நான் பின்னால். நடைபாதையில் நாற்காலி போட்டிருந்த டோனட் கடைக் கூட்டம் எங்களைப் பார்த்ததும் கூச்சல் போட்டது.

"டேய் நார்பர்ட்! உன் பின்னால உக்காந்திருக்கிற இந்த ரோலி என்ன அளக்குறான் தெரியுமா? அந்தக் கதவுல உங்கண்ணன் வந்து நின்னானாம்!"

"நீதான் எதையும் நம்பாத ஆளாச்சே, நீயே சொல்லு!" என்றான் இன்னொருவன்.

நான் சீட்டில் தாழ்ந்துகொண்டேன். நார்பர்ட்டின் பிடரி சிவந்தது. நிலாவில் மனிதன் இறங்கியதையே முப்பது வருடம் சந்தேகப்பட்டவன் அவன். டெலோரஸ் அவனைத் திரும்பிப் பார்க்காமல் மடியைப் பார்த்தாள். பின்னாலிருந்து எவனோ ஹாரன் அடித்தான்.

"வந்தான்" என்றான் நார்பர்ட், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி. "நின்னான். எனக்குத்தான் பேச வாய் வரல."