இருட்டுவதற்குள்

மகள் ரஞ்சனா ஜூன் மாதம் தோழிகளோடு நார்வே போகிறாள் என்றதும் என் கணவர் சாப்பாட்டு மேசையிலேயே நிபந்தனை போட்டுவிட்டார்.

"தாராளமாப் போயிட்டு வா. ஆனா தினமும் இருட்டறதுக்குள்ள ரூமுக்கு வந்துடணும்."

லண்டன் கிங்ஸ்பரியில் எங்கள் வீட்டுச் சட்டம் அது. இங்கே டிசம்பர் மாதம் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறதே என்றெல்லாம் அவரிடம் பேச முடியாது. இருபத்திரண்டு வயதுப் பெண், தாம்தூம் என்று குதிப்பாள் என்று பார்த்தேன்.

"சரிப்பா. சத்தியமா இருட்டறதுக்குள்ள வந்துடறேன்" என்றாள்.

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அடுப்படியில் மடக்கிக் கேட்டேன். போனில் ஒரு படத்தைக் காட்டினாள். ட்ரொம்சோ என்ற ஊர். மலைக்கு ஏறும் கேபிள் கார், கீழே நீலக் கடல், எங்கும் மஞ்சள் வெயில்.

"இது நடுராத்திரி பன்னிரண்டு மணிக்கு எடுத்ததும்மா! ஜூன் மாசம் பூரா அங்க சூரியன் மறையவே மறையாது. நீயும் வாயேன்!"

கள்ளி! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இருபத்தாறு வருடமாக அந்தச் சட்டத்துக்கு நானும்தானே கட்டுப்பட்டிருக்கிறேன்?

ஈரக் கையோடு கூடத்துக்கு ஓடினேன்.

"ஏங்க, அவளுக்குத் துணையா நானும் போறேன்."

அவர் முகம் மலர்ந்தது. "ரொம்ப நல்லது. ஆனா சுலோச்சனா, நீயும்…"

"இருட்டறதுக்குள்ள வந்துடறேங்க" என்றேன்.