ஒன்பதாம் குழிப் புல்

அந்த ஆண்டின் மூன்றாவது போட்டியில் தோற்ற மறுநாள் காலை, கோல்ஃப் ஆட்டக்காரனின் இடது தோளில் புல் முளைத்திருந்தது. மனைவிதான் முதலில் பார்த்தாள். தூசி என்று தட்டினாள், போகவில்லை. இழுத்தாள், வலிக்கிறது என்றான்.

அவன் ஆடியது பெரிய போட்டிச் சுற்று அல்ல. பெரிய சுற்றுக்குப் போக ஆசைப்படுகிறவர்களை ஊர் ஊராக அலையவிடும் சின்னச் சுற்று. பதினாறு போட்டிகள். ஒவ்வொன்றிலும் இரண்டாம் நாள் மாலையே பாதிப் பேரைப் பெட்டி கட்டச் சொல்லிவிடுவார்கள். ஆண்டு முடிவில் பட்டியலின் முதல் ஐந்து பேர் மேலே போவார்கள். மீதி நூற்றைம்பது பேரும் ஆளாளுக்குத் தான்தான் ஆறாவது ஆள் என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்புவார்கள். இவன் ஒன்பது ஆண்டுகளாக அப்படித் திரும்பிக்கொண்டிருந்தான். வேடிக்கை பார்க்க யாரோ ஓர் ஆட்டக்காரனின் அம்மாவும் இரண்டு நாய்களும்தான் வரும். ஆனாலும் பந்து குழியில் விழுந்தால் தொப்பியைத் தொட்டு நாய்களுக்கு வணக்கம் வைப்பான். பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்த மனைவியை, இந்த ஒரு வருஷம் மட்டும் என்று நச்சரித்து, சம்பளமில்லா விடுப்பு எடுக்கவைத்து, கோல்ஃப் மட்டைப் பை தூக்கக் கூட்டிவந்திருந்தான்.

புல் மார்புக்கு இறங்கியது. தோல் மருத்துவர் தந்த களிம்பில் இன்னும் பச்சையானது. வாடகை அறைகளில் அவனை நாற்காலியில் உட்காரவைத்து, நகம் வெட்டும் கத்தரியால் அவள் சீராக்கினாள். போட்டிக் குழு இரண்டு மணி நேரம் கூடிப் பேசி, புல் உடம்பின் பகுதியே, ஆட்டத்தின் நடுவே மட்டும் வெட்டக்கூடாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனது.

"மண்ணே என்னைத் தேர்ந்தெடுத்திருக்கு" என்றான் அவன்.

"அதெல்லாம் இல்ல. நீங்க ஒரே இடத்துல நிக்கறீங்க, அது வளருது" என்றாள்.

பலர் வயிற்றுப்போக்கில் விலகிய புண்ணியத்தில், கடைசிப் போட்டியில், பத்தாம் குழியில் தொடங்கியதால் அவனுக்குக் கடைசியாக வந்த ஒன்பதாம் குழியோடு, அவன் பட்டியலில் ஐந்தாம் இடத்துக்கு வரக்கூடியவனானான். மூன்றடி தூரத்திலிருந்து பந்தைக் குழிக்குள் உருட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். குப்புறப் படுத்துச் சரிவைப் பார்த்தான். எழுந்து அடித்தான். பந்து விளிம்பை உரசிக்கொண்டு போய்விட்டது. மறுபடி படுத்தான்.

"எந்திரிங்க. பஸ்சுக்கு நேரமாச்சு."

"ஒரே நிமிஷம். எங்க ஏமாத்துதுன்னு கண்டுபிடிச்சிடறேன்."

அவள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். அவன் மார்பு தரையோடு பிடித்துக்கொண்டிருந்தது. வேர்கள் அறுபடும் சத்தம் கேட்டதும் விட்டுவிட்டாள். பையைப் பக்கத்தில் வைத்துவிட்டு மாலைவரை காத்திருந்தாள். அதற்குள் முதுகும் மூடிவிட்டது. பேருந்தில் அவளுக்குப் பசித்தது. வெட்கப்பட்டாள், பிறகு சாப்பிட்டாள்.

அடுத்த ஆண்டு, சின்னச் சுற்றிலேயே சிறந்த புல்தரை அதுதான் என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். திங்கட்கிழமைகளில் உருளை ஓட்டினார்கள். பெரிய ஆட்டக்காரர்கள்கூட அங்கே மூன்றடியில் தவறவிட்டுவிட்டு, காற்றைக் குறை சொன்னார்கள். பல் மருத்துவமனை விடுமுறை நாளொன்றில் அவள் வந்தபோது, புல் பராமரிப்பவர் லேசான ஒரு மேட்டைக் காட்டினார்.

"முதுகு இங்க வருதும்மா. எல்லாரும் இதுலதான் ஏமாறுறாங்க."

தண்ணீர் எவ்வளவு விடுகிறீர்கள் என்று கேட்டாள். காலையில் ஒரு தடவை என்றார்.

"உரம் மட்டும் அதிகமாப் போடாதீங்க. தலைக்கு ஏறிடும்."

அவர் குறிப்பேட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டார்.