உள்தாழ்ப்பாள்

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவள் வேலையில் இருந்தாக வேண்டும். வெள்ளிக்கிழமை முற்பகல் ஆகியும், குழந்தையை எங்கே விடுவது என்று முடிவாகவில்லை.

அவன் பூட்டு பழுதுபார்ப்பவன். மனைவி ஆயத்த ஆடைத் தொழிற்கூடம் ஒன்றில் சட்டைக் காலர் தைப்பவள். குழந்தைக்காக இரண்டே முக்கால் வருடம் வீட்டோடு இருந்துவிட்டாள். இனியும் வராவிட்டால் மெஷினை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று சூப்பர்வைசர் சொல்லியனுப்பியிருந்தார். மகளுக்கு வீட்டில் எறும்பு என்று பெயர். அலமாரிக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில் என்று இண்டு இடுக்கு ஒன்று விடாமல் நுழைந்துவிட்டு வருவாள்.

மூன்று காப்பகங்களை ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள். முதலாவதில் பத்துக் குழந்தைகள் டிவி முன்னால் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தன. மூன்றாவதில், முழுசாகக் கழிப்பறைப் பழக்கம் வந்த பிறகுதான் சேர்ப்போம் என்று கையை விரித்துவிட்டார்கள். நடுவில் பார்த்த இரண்டாவது இடம்தான் மனைவியின் மனசில் ஒட்டிக்கொண்டது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, தரை பளபளவென்றிருந்தது, அறைக்கு அறை கேமரா. வேலை செய்யும் இடத்திலிருந்தே போனில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாமாம். ஒரே ஒரு இடம் காலி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி வரை வைத்திருப்போம் என்றார்கள்.

"எதுக்கும் இதையும் ஒரு தடவை பாத்துடலாம்" என்று அவன்தான் நாலாவது இடத்துக்குக் கூட்டிவந்தான்.

அது பழைய வீடு. வெளிச்சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. கேட்டைத் திறக்கும்போதே உள்ளேயிருந்து கூச்சல் காதைப் பிளந்தது. பதினோரு குழந்தைகள். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி கரகரத்த குரலில் தவளை மாதிரி கத்த, எல்லாம் சேர்ந்து பதிலுக்குக் கத்தின. நாற்பத்தைந்து வயது இருக்கும், கனத்த உடம்பு.

"என் தொண்டை எப்பவும் இப்படித்தான் சார். பிள்ளைங்க தவளையக்கான்னு பேர் வெச்சிட்டாங்க. நானும் அப்படியே இருந்துட்டுப் போறேன்னு விட்டுட்டேன்" என்று சிரித்தாள்.

எறும்பு அப்பாவின் காலை விட்டுவிட்டு ஒரே ஓட்டமாகக் கும்பலுக்குள் போய்விட்டாள்.

காப்பகத்தை நடத்தும் மேடம் அவர்களைச் சின்ன அலுவலக அறைக்குள் உட்காரவைத்தார். மனைவி மடித்துவைத்திருந்த தாளை விரித்தாள். எத்தனை பிள்ளைக்கு ஒரு ஆள், காய்ச்சல் வந்தால் யாருக்குச் சொல்வீர்கள், தூங்க வைப்பது எங்கே. மேடம் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார், ஆனால் சில பதில்கள் வருவதற்குள் கண் ஒரு முறை சுவரைத் தொட்டுவிட்டு வந்தது. ஆட்கள் இரண்டு பேர். ஒருத்தி இன்று விடுப்பு.

"அப்ப இன்னைக்கு ஒரே ஆளா?" என்றாள் மனைவி.

மேடம் வாயைத் திறப்பதற்குள் நடைவழியின் கோடியிலிருந்து தவளையக்காவின் குரல் வந்தது. அதில் இப்போது விளையாட்டு இல்லை.

"மேடம்! புதுப் பாப்பா உள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா!"

நடைவழிக் கோடியில் இருந்தது பெரியவர்களுக்கான குளியலறை. ஒரு பையன் கால்சட்டையை நனைத்துவிட்டான் என்று தவளையக்கா மாற்றிவிடத் திரும்பிய நேரத்தில், சாத்தியிருந்த கதவைத் திறந்துகொண்டு எறும்பு உள்ளே நுழைந்துவிட்டாள். தாழ்ப்பாளைத் தள்ளி, கொண்டியையும் மடக்கிவிட்டிருக்கிறாள். தள்ளத் தெரிந்தவளுக்குத் திரும்ப இழுக்கத் தெரியவில்லை. உள்ளே குழாய் திறந்திருக்கும் சத்தம்.

அவன் கதவை முஷ்டியால் குத்தினான். "எறும்பு! கதவைத் திற!"

உள்ளே குழந்தை வீறிட்டாள்.

தவளையக்கா அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். "தட்டாதீங்க சார். சத்தத்துக்குப் பயந்து பின்னால போவா. பின்னாலதான் பெரிய வாளி இருக்கு. பாதிக்கு மேல தண்ணி."

அவன் ஊரில் எத்தனையோ பேர் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டவன். உள்ளே மாட்டிக்கொண்ட குழந்தைகளைக்கூட வெளியே எடுத்திருக்கிறான். அப்போதெல்லாம் பெற்றவர்களை எட்ட நிற்கச் சொல்லிவிட்டு நிதானமாக வேலை பார்ப்பான். இப்போது பெற்றவன் அவனே. கருவிப் பையும் இல்லை. சேர்க்கை கேட்கப் போகிற இடத்துக்கு அந்த அழுக்குப் பை எதுக்கு என்று மனைவி கிளம்பும்போதே கடையில் வைக்கச் சொல்லிவிட்டாள்.

கதவைப் பார்த்தான். கனமான மரக்கதவு, வெளிப்பக்கமாகத் திறப்பது. உதைத்தால் பலகை உடைந்து உள்ளேதான் விழும். ஆனால் கீல்கள் வெளிப்பக்கம் இருந்தன. மூன்று கீல். மூன்று ஆணியையும் தட்டி எடுத்துவிட்டால் கதவை அந்தப் பக்கமாகவே கழற்றிவிடலாம்.

"ஒரு கத்தி வேணும். முனை மழுங்கினது போதும். ஒரு கல்லும் வேணும்."

தவளையக்கா மேடத்தைத் திரும்பிப் பார்த்தாள். "சமையலறையில வெண்ணெய்க் கத்தி இருக்கு, கேட் பக்கத்துல கல் இருக்கு. எடுத்துக் குடுத்துட்டு நீங்க போய்ப் பிள்ளைங்களோட உக்காருங்க மேடம். பதினோரு பேர். எண்ணிக்கிட்டே இருங்க."

சம்பளம் கொடுப்பவருக்கு வேலைக்காரி உத்தரவு போட்டாள். மேடம் ஓடிப்போய் இரண்டையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பிள்ளைகளிடம் போனார்.

பிறகு அவள் அந்தக் கனத்த உடம்போடு ஈரத் தரையில் குப்புறப் படுத்து, கதவுக்கு அடியில் இருந்த இரண்டு விரல் இடைவெளியில் வாயை வைத்தாள். நிலைப்படி வழியாகத் தண்ணீர் கசியத் தொடங்கியிருந்தது.

"பாப்பா, இங்க கீழ பாரு. தவளை வந்திருக்கு."

உள்ளே அழுகை. மனைவி மண்டியிட்டு ஏதோ கத்தப் போனாள். தவளையக்கா படுத்தபடியே அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

"அழாமப் பேச முடியும்னா பேசும்மா. முடியலன்னா என் கையைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ."

மனைவியால் முடியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டாள்.

தவளையக்கா கதவுக்கடியில் கத்தினாள். தொண்டையிலிருந்து எழும்பும் கரகரப்பான சத்தம். முன்னறையில் இருந்த பதினோரு குழந்தைகளும் அதைக் கேட்டுப் பதிலுக்குக் கத்தின. மறுபடி கத்தினாள். உள்ளே அழுகை கொஞ்சம் தேய்ந்தது.

"நீ கத்து பார்ப்போம். உனக்குத் தெரியாதுல்ல?"

சிறிது நேரம் தண்ணீர் சத்தம் மட்டும். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு சின்னத் தவளை கத்தியது.

"ஆங்! இங்க என் விரல் தெரியுதா? அதைப் பிடி. அப்பா வெளிய டொக் டொக்னு தட்டப் போறாரு. ஒவ்வொரு டொக்குக்கும் நீ ஒரு தடவை கத்தணும். ஏமாத்தக் கூடாது." தலையைத் திருப்பாமலேயே, "தட்டுங்க சார்" என்றாள்.

அவன் கத்தி முனையைக் கீழ்க் கீலின் ஆணிக்கு அடியில் கொடுத்துக் கல்லால் தட்டினான். உள்ளே தவளை கத்தியது. தட்டினான், கத்தியது. ஆணி துருவோடு மேலே ஏறி வந்தது. நடுக்கீல் அதைவிடச் சுலபமாகக் கழன்றது. மேல் கீல் அசையவில்லை. வருடா வருடம் பெயின்ட் அடித்து அடித்து ஆணியும் கீலும் ஒன்றாகப் போயிருந்தன. நாற்காலி மேல் ஏறி நின்று, கத்தியால் பெயின்டைச் சுரண்டினான். வியர்வை கண்ணில் இறங்கியது.

தட்டினான்.

உள்ளே சத்தமில்லை.

இன்னொரு முறை தட்டினான். குழாய்த் தண்ணீர் மட்டும்தான் கேட்டது.

"விரலை விட்டுட்டா" என்றாள் தவளையக்கா மெதுவாக. முதல் தடவையாக அவள் குரல் உடைந்தது. அடுத்த கணமே அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "பாப்பா, தவளைக்குப் பயமா இருக்கு. எங்க போன?" என்றாள்.

மனைவியின் நகம் தவளையக்காவின் கையில் பதிந்து ரத்தம் வந்திருந்தது, இருவருக்குமே தெரியவில்லை.

அவன் கத்தியை விட்டெறிந்தான். சட்டைப் பையில் போட்டிருந்த கீழ் ஆணியை எடுத்து மேல் ஆணிக்கு அடியில் நிறுத்தி, தோள்பட்டையே கழன்றுவிடும் வேகத்தில் கல்லை இறக்கினான். பெயின்ட் தெறித்தது. ஆணி ஒரு விரல் அளவு ஏறியது. மீதியைக் கையாலேயே பிடுங்கிவிட்டுக் கீழே குதித்தான். கதவின் விளிம்பில் விரலைக் கொடுத்து இழுத்ததும், மறுபக்கம் தாழ்ப்பாள் கோணி, கதவு மொத்தமாகச் சாய்ந்து அவன் தோளில் விழுந்தது.

எறும்பு வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றிருந்தாள். தண்ணீரில் மிதந்த குவளையை எட்டி எடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு குதிகால் தரையை விட்டு எழும்பியிருந்தது.

கதவுக்கடியில் தவழ்ந்து போய் அவளை முதலில் அள்ளியது தவளையக்காதான். அள்ளிய வேகத்தில் தாயின் மடியில் போட்டாள். அப்புறம்தான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

குழந்தைக்கு ஒரு கீறல்கூட இல்லை. மேடம் துண்டோடு ஓடிவந்தார். "நல்லவேளை. பெருசா ஒண்ணும் ஆகல. பிள்ளைங்கன்னா இதெல்லாம் சகஜம்தான். இதை வெளிய..."

"சகஜமில்ல மேடம்" என்றாள் தவளையக்கா. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர்களைப் பார்த்தாள். "அந்தத் தாழ்ப்பாளை எடுத்துடுங்கன்னு ரெண்டு மாசமாச் சொல்லிட்டிருக்கேன். எடுக்கல. கதவை வெளிய கொக்கி போட்டு வைக்க வேண்டியது என் வேலை. இன்னைக்குப் போடல. ரெண்டும் தப்புத்தான். பதிவேட்டுல எழுதிடறேன்."

மனைவி ஈரமான குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள்.

பேருந்து நிறுத்தத்தில் அவன் மெல்ல ஆரம்பித்தான். "அந்தம்மா மட்டும் இல்லன்னா..."

"அந்தம்மா கொக்கியைப் போட்டிருந்தா ஒண்ணுமே நடந்திருக்காது. நீங்க பேசாதீங்க. இன்னும் ஒரு நிமிஷம் ஆயிருந்தா இப்ப நாம எங்க நின்னுட்டிருப்போம்?"

நாலு மணிக்கு, குழந்தைக்கு உலர்ந்த சட்டை மாற்றிவிட்டு, மூவரும் இரண்டாவதாகப் பார்த்த கண்ணாடிக் கட்டடத்துக்குப் போனார்கள்.

வரவேற்பில் இருந்த பெண் விண்ணப்பத்தை நீட்டினாள். "உள்ள தாழ்ப்பாள் இருக்கிற கதவு ஏதாவது இருக்கா?" என்று அவன் கேட்டான். "இங்க அப்படியெல்லாம் நடக்காது சார்" என்றாள் அவள் புன்னகை மாறாமல்.

மனைவி பேனாவைத் திறந்துவிட்டாள். அவளுக்கு எதிர்ச் சுவரில் பெரிய திரை, ஆறு கட்டங்களாக ஆறு அறை. மூன்றாவது கட்டத்தில் ஒரு மூலையில் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. சத்தம் கிடையாது, வாய் மட்டும் திறந்திருந்தது. சீருடை போட்ட ஒருத்தி பொம்மைகளை அடுக்கிக்கொண்டே அதைக் கடந்து போனாள். திரும்பி வந்தாள். மறுபடி கடந்து போனாள். மனைவி குழந்தையின் பெயரை எழுதினாள், வயதை எழுதினாள், மறுபடி நிமிர்ந்தாள். திரையின் மூலையில் ஓடிய கடிகாரத்தில் ஆறு நிமிடம் போயிருந்தது. குழந்தை அதே மூலையில், அதே திறந்த வாயோடு.

"அந்தப் பிள்ளை எதுக்கு அழுது?"

வரவேற்புப் பெண் திரும்பிப் பார்த்தாள். "புதுசு. தானா அடங்கிடும்."

மனைவி பேனாவை மூடினாள். எழுதிய தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டாள். வெளியே வந்து படியில் நின்றவள், அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "ரொம்பத் தெளிவாத்தான் தெரியுது. யாரும் தூக்கலன்னு நல்லாத் தெரியுது."

கடையில் கருவிப் பையை எடுத்துக்கொண்டு பழைய வீட்டுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தேகால். கதவு இன்னும் நடைவழிச் சுவரில் சாத்தி வைத்தபடி இருந்தது. அவன் யாரையும் கேட்காமல் வீட்டிலிருந்த ஆறு உள்தாழ்ப்பாளையும் கழற்றத் தொடங்கினான். மனைவி மேடத்திடம் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, காலையில் நடந்ததை வரி விடாமல் படித்தாள். வாளியில் தண்ணீர் இருந்ததுகூட எழுதியிருந்தது.

"ஒரே ஆளா இருக்கிற நாள்ல எனக்கு முன்கூட்டியே சொல்லணும். அன்னைக்கு நான் கூட்டிட்டு வரமாட்டேன்" என்றாள். மேடம் தலையாட்டினார். "மூணாவது ஆள் ஒருத்தர் திங்கட்கிழமையிலிருந்து வர்றாங்க" என்றார். மத்தியானம்தான் பேசி முடித்தாராம்.

தவளையக்கா கையில் துணிக்கட்டு போட்டிருந்தாள். மனைவி அதைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் தாழ்த்தினாள்.

"நீங்க இங்கேயே இருப்பீங்களா?"

தவளையக்கா துணிக்கட்டைச் சரிசெய்துகொண்டாள். "பொய் சொல்ல மாட்டேம்மா. வேற வேலைக்கும் கேட்டு வெச்சிருக்கேன். இங்க சம்பளம் கட்டுப்படியாகல. ஆனா போறதா இருந்தா ஒரு மாசம் முன்னாடி உன்கிட்ட சொல்லிட்டுத்தான் போவேன்."

மனைவிக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஆனாலும் உட்கார்ந்து விண்ணப்பத்தை எழுதினாள்.

திங்கட்கிழமை அவள் காலரை நாலு தடவை தலைகீழாகத் தைத்துப் பிரித்தாள். சூப்பர்வைசர் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார். மணி அடித்ததும் ஓடினாள். அவனும் கடையைச் சீக்கிரமே இழுத்துச் சாத்திவிட்டு கேட்டருகில் காத்திருந்தான். இருவரும் மூச்சு வாங்க உள்ளே நுழைந்தார்கள்.

எறும்பு இன்னொரு பெண்குழந்தையோடு தரையில் உட்கார்ந்து, அதன் செருப்பு வாரை மாட்டிவிட முயன்றுகொண்டிருந்தாள். மாட்ட வரவில்லை. தவளையக்கா பக்கத்தில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள், உதவிக்குப் போகவில்லை.

எறும்பு நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

"இரு, வர்றேன்" என்றாள்.

மனைவி அங்கிருந்த குட்டி நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, முழங்கால் மோவாயைத் தொட உட்கார்ந்து காத்திருந்தாள்.