மூவாயிரம் சொல்லுக்குள்

"மெஷினை நிறுத்துங்க கொக்கன்தா! கடைசி ஃபாரத்தை ஏத்தாதீங்க!"

பூஜைப் பந்தலுக்கு மூங்கில் இறக்கிக்கொண்டிருந்த லாரி தெருவை அடைத்து நின்றது. ஆட்டோவிலிருந்து குதித்து, வைட்டக்கானா சந்துக்குள் ஓடி, அச்சகக் கதவைத் தள்ளியபோது மணி மூன்று இருபது.

ஃபோர்மேன் கொக்கன் மையைத் துடைத்துக்கொண்டே திரும்பினார். "என்னடா திருதி, வீடு பத்திக்கிச்சா? இல்ல பொண்டாட்டி பெத்துட்டாளா?"

"வசந்தி சன்யால் கதை. தப்பா வெட்டிட்டோம்."

சொன்ன பிறகுதான் மெஷினுக்கு அந்தப் பக்கம் நின்றவரைப் பார்த்தேன். கையில் சந்தேஷ் பெட்டி. எங்கள் பத்திரிகை ஆசிரியர் நிருபம்தா! பூஜை மலரின் கடைசிப் பக்கங்கள் அடங்கிய ஃபாரம் அச்சில் ஏறும் நாளில் மெஷினுக்கு இனிப்பு வைக்க வருவார். வருஷா வருஷம் நடப்பது. பதற்றத்தில் மறந்து தொலைத்தேன்.

கொக்கன் காதில் மட்டும் போட்டுக் காரியத்தை முடித்துவிடலாம் என்று ஓடி வந்தவன் நான்.

"தப்பாவா?" என்றார் நிருபம்தா. "வெட்டினது அந்தம்மாதானே?"

ஆமாம். வெட்டச் சொன்னது நான்.

எங்கள் மலரில் ஒரு கதை மூவாயிரம் சொல்லைத் தாண்டக்கூடாது. எண்ணுவதற்கு நானே ஒரு சின்னக் கணினி நிரல் எழுதியிருந்தேன். கோப்பைக் காட்டினால் கண் இமைப்பதற்குள் எண்ணிக்கை சொல்லும். இலவசம். காலேஜ் ஸ்ட்ரீட்டில் பாதிப் பத்திரிகைகள் அதைத்தான் வைத்திருந்தன. காசு கேட்கவில்லையே தவிர, திறந்ததும் 'ஆக்கம்: திருதிமான் கர்' என்று கொட்டை எழுத்தில் வரும்படி பார்த்துக்கொண்டேன்.

வசந்தி சன்யாலுக்கு எழுபத்தொரு வயது. நீர்ப்பாசன அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பத்திரிகை ஏற்றுக்கொண்ட அவருடைய முதல் கதை இது. என் நிரல் அதை எண்ணி, 3,712 என்றது. போன் போட்டேன். சித்தி முறையில் மாசிமா என்றுதான் கூப்பிடுவேன்.

"மாசிமா, எழுநூறு சொல் குறைக்கணும்."

"எழுநூறா பாபா? அப்ப எங்க அண்ணன் வர்ற இடம் முழுசா போயிடுமே. அவனுக்காகத்தான் எழுதவே உக்காந்தேன்."

"என்ன பண்றது மாசிமா, மெஷின் பொய் சொல்லாது."

மூன்று நாளில் வெட்டி அனுப்பிவிட்டார். ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை.

இன்று மத்தியானம் பக்கம் கட்டும் புலு என்னைக் கூப்பிட்டுச் சிரித்தான். "உன் மூவாயிரம் உண்ணாவிரதமா? ஆறு பக்கம் வரணும். நாலே முக்கால்ல நின்னுடுச்சு. மீதிக்குத் தலைவலித் தைல விளம்பரம் போட்டு அச்சு பிளேட்டுக்கு அனுப்பிட்டேன்."

கோப்பைத் திறந்து எழுத்தைப் பெரிதாக்கினேன். எங்கள் மொழியில் வாக்கியம் முடிந்தால் புள்ளி இல்லை, ஒரு நெட்டுக்கோடு. பழைய தட்டச்சுக்காரர்கள் அதற்கு முன்னால் ஓர் இடைவெளி விட்டே தட்டுவார்கள். என் நிரலுக்கோ இரண்டு இடைவெளிக்கு நடுவில் எது நின்றாலும் அது ஒரு சொல். வசந்தி மாசிமாவின் ஒவ்வொரு கோடும், பேச்சுக்கு முன்னால் போட்ட ஒவ்வொரு சிறு கோடும் சொல்லாகியிருந்தன. அவர் முதலில் அனுப்பிய கதை மூவாயிரத்துக்குள்தான் இருந்திருக்க வேண்டும்.

இதை மென்று விழுங்கி நிருபம்தாவிடம் சொன்னேன். கொக்கன் மெஷினை நிறுத்தினார்.

"பட்டன் தட்டறவன் எண்ணினா இப்படித்தான். என்கிட்ட குடுத்திருந்தா விரல் வெச்சே சொல்லியிருப்பேன்" என்றார். "சரி, நாலரை வரைக்கும் டைம். முழுக்கதையைக் குடுங்க, தைலத்தைத் தூக்கிக் கடாசிட்டு பிளேட்டை மாத்திடறேன்."

நிருபம்தா அங்கேயே நின்று வசந்தி மாசிமாவுக்குப் போன் செய்தார். எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"தீதி, உங்க கதையை முழுசா போட மெஷினை நிறுத்தி வெச்சிருக்கோம். வெட்டாத பிரதி இருக்கா?"

"இல்லியே பாபா. அதே ஃபைல்ல வெட்டி வெட்டி சேமிச்சுட்டேன். கண்ணுல புரை, கையெழுத்துப் பிரதியும் வெச்சுக்கல." உடனே குரலில் ஒரு வெளிச்சம். "முதல்ல கம்ப்யூட்டர் கடைல குடுத்து மெயில்ல அனுப்பினேனே, அந்தக் கடையை மூடிட்டாங்க, ஆனா உங்ககிட்ட இருக்குமே! திருதிகிட்ட கேளுங்க."

நிருபம்தா என்னைப் பார்த்தார். போனைக் கையால் மூடிக்கொண்டார்.

"எடு. இங்கயே உக்காந்து கையால எண்ணிடுவோம். உன் நிரல் தப்புன்னு உறுதியானா, இந்த வருஷம் வெட்டச் சொன்ன மத்த பதினோரு பேருக்கும் நான் பதில் சொல்லணும்டா. அதுல ஒருத்தர் இன்னும் என் போனையே எடுக்க மாட்டேங்கறார். வேற பத்திரிகைக்கெல்லாம் வேற நீ குடுத்து வெச்சிருக்க."

கொக்கன் என்னைப் பார்த்தார். சந்தேஷ் பெட்டியைச் சுற்றி ஓர் ஈ வட்டமிட்டது.

"இல்ல நிருபம்தா. திருத்தினது வந்ததும் பழைய மெயிலை அழிச்சுட்டேன்."

அவர் கையை எடுத்துவிட்டு அதையே போனில் சொன்னார். மறுமுனையில் மிக்ஸி ஓடி நின்ற சத்தம் கேட்டது.

"பரவாயில்ல பாபா. என்னால அத்தனை பேர் வேலை ஏன் நிக்கணும்? மெஷினை ஓட்டச் சொல்லுங்க."

ஓட்டினார்கள்.

மறுநாளே நிரலைத் திருத்தினேன். ஒரே ஒரு வரிதான். 'சிறு மேம்பாடுகள்' என்று எழுதி எல்லோருக்கும் அனுப்பினேன். என்ன மேம்பாடு என்று ஒருவரும் கேட்கவில்லை.

பூஜை முடிந்து விஜயதசமி வாழ்த்துச் சொல்ல வசந்தி மாசிமா அலுவலகத்துக்கு வந்தார், டப்பா நிறையத் தேங்காய் வெல்ல உருண்டையான நாருவோடு. மலரில் ஐந்து பிரதி வாங்கிக்கொண்டார்.

"கதை கச்சிதமா இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க திருதி. எங்க அண்ணி மட்டும், 'அவரு எங்க வசந்தி?'ன்னு கேட்டாங்க." சிரித்தார். "அந்த எழுநூறு சொல்லைத் திரும்ப எழுதிப் பார்த்தேன். வரல பாபா. எழுதினா வேற யாரோட அண்ணனோ வர்றான்."

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறந்தேன், ஒரு நாருவைப் போட்டுக்கொள்ள.

அந்தக் குளிர்காலம், மாக மாதத்தில் அவர் போய்விட்டார். ஒன்பது வருஷமாகிறது. அந்த நிரலை இன்றைக்கும் யாராவது இறக்கிக்கொண்டு, நன்றி என்று எனக்கு எழுதுகிறார்கள்.

யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. அன்று மூன்று இருபதுக்கு அச்சகக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தபோது என் சட்டைப் பையில் ஒரு பென்டிரைவ் இருந்தது. அதில் ஒரே ஒரு கோப்பு. வசந்தி மாசிமா முதலில் அனுப்பிய கதை, அண்ணனோடு, முழுசாக.