‘மேடம்’ என்று கூப்பிட்டவள்

1

இது ஒரு கட்டுரையாகத்தான் பிறந்திருக்க வேண்டும். வேலைக்குப் போகும் பெண்கள் பதவியில் உயர என்ன செய்யலாம் என்று பத்திரிகை ஆசிரியர் ஒரு கட்டுரை கேட்டார், நானும் தலையாட்டிவிட்டேன். அதற்காகப் பாலங்களுக்கு வரைபடம் தயாரிக்கும் ஒரு நிறுவனத்துக்குப் போய், பிரிவுத் தலைவியாக இருக்கும் பொறியாளரைப் பார்த்தேன். கண்ணாடி அறையில் உட்கார வைத்துப் பேசினார்.

“தயங்கி நிக்காதீங்க. வேணுங்கிறத வாய்விட்டுக் கேளுங்க. அப்புறம், கூட வேலை பார்த்தவங்களுக்கு மேல வந்துட்டா, கொஞ்சம் தள்ளி நிக்கக் கத்துக்கணும்.”

கடைசி யோசனையைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே, ஜன்னலோரம் காலியாகக் கிடந்த ஒரு மேசையைப் பார்த்தார்.

“அங்க யாரு உக்காருவாங்க?” என்று கேட்டேன்.

“முன்னாடி நாங்க ரெண்டு பேர்.”

கட்டுரை அங்கேயே படுத்துவிட்டது. அதன் பிறகு அவர் சொன்னது பாதி, நான் இட்டு நிரப்பியது பாதி. எது எந்தப் பாதி என்று கேட்காதீர்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: வெற்றி பெற்ற ஒவ்வொரு பெண்ணுக்குப் பின்னாலும்

வேண்டாம். முடிப்பதற்குள் எனக்கே கொட்டாவி வந்தது.

அடுத்தது: அன்று மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது, அவள்

எந்த மழை? அவர் மழையைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஏக்கம் என்றதும் மழையைக் கூப்பிடும் புத்தி என்னை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. நேராகவே சொல்லிவிடுகிறேன்.

ஒரே மேசையில் இரண்டு பெண்கள். வரைபடம் பாலம் கட்டும் இடத்துக்குப் போகுமுன் அதைச் சரிபார்ப்பது அவர்கள் வேலை. ஒருத்தி அளவுகளை உரக்க வாசிப்பாள். மற்றவள் தன் பிரதியில் டிக் போட்டுக்கொண்டே வருவாள். வாசிப்பவளுக்கு அலுவலகம் வைத்த பெயர் ரேடியோ. டிக் போடுபவள் கழுகு. ஒரு கம்பியின் கனம் மாறியிருந்தாலும் கொத்திவிடுவாள். (அந்தக் கழுகுதான் இப்போது கண்ணாடி அறையில் இருப்பவர். இனி அவரை ‘அவள்’ என்றே எழுதப் போகிறேன். அப்படி உரிமையோடு சொல்ல இப்போது அங்கே ஆளில்லை.)

“தூண் நாலு, அடிப்பாகம், கம்பி இருபத்தஞ்சு மில்லி, என் மாமியார் நேத்து டிவி ரிமோட்ட ஒளிச்சு வச்சுட்டாங்க, இடைவெளி நூத்தம்பது.”

“இடைவெளி சரி. ரிமோட் எங்க இருந்துச்சு?”

“அரிசி டப்பால. அடுத்தது தூண் அஞ்சு.”

இப்படித்தான் பாலங்கள் சரியாக நின்றன.

3

பிரிவுத் தலைவி பதவி காலியானபோது இருவருக்குமே தகுதி இருந்தது. ரேடியோதான் கழுகைப் பிடித்துத் தள்ளினாள்.

“நீ எழுதிப் போடு. நான் மீட்டிங்ல உக்காந்தா தூங்கிடுவேன்டி.”

“நிஜமாவே உனக்கு வேணாமா?”

“வேணும்னா கேக்க மாட்டேனா?”

[இந்த இடத்தில் எனக்கு ரேடியோ மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு நல்லவளா ஒருத்தி? ஆசை இருந்தும் கேட்காமல் விட்டவளாக இருக்கலாம். கழுகிடமே கேட்டேன். “இன்னொரு தடவ கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்” என்றாள்.]

பதவியோடு ஒரு பயிற்சி வகுப்பும் வந்தது. பழைய கூட்டாளிகளிடம் இடைவெளி வேண்டும் என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். முதல் நாள் ரேடியோ கதவைத் தட்டி, கண்ணில் குறும்போடு, “மேடம், உள்ள வரலாமா?” என்றாள். உள்ளே இயக்குநர் உட்கார்ந்திருந்தார். கழுகு சிரிக்காமல், “வாங்க” என்றாள்.

விளையாட்டுக்கு வந்த ‘மேடம்’ அன்றைக்கே வேலையில் சேர்ந்துவிட்டது. மறுநாள் அதை விரட்டியிருக்கலாம். மறுநாள் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அதற்கடுத்த நாள் இன்னும் கூச்சம்.

பிறகு ஆண்டு மதிப்பீடு. பிரிவில் ஒருவருக்குத்தான் முதல் தரம் கொடுக்க முடியும். நியாயமாக அது ரேடியோவுக்கு. சிநேகிதி என்பதால் கொடுத்தாள் என்று யாராவது சொல்லிவிட்டால்? கழுகு அதை வேறொருவருக்குக் கொடுத்து, ரேடியோவுக்கு ‘திருப்திகரம்’ என்று போட்டாள்.*

“ஏதாவது சொல்லணுமா?”

“ஒண்ணும் இல்லீங்க மேடம்” என்று ரேடியோ கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போனாள்.

* கட்டுரைக்காக நான் வாசித்த புத்தகங்கள் எல்லாம் இதைச் சரியென்றே சொல்லும். புத்தகங்களின் எதிரே உட்கார்ந்து யாரும் ‘இல்லீங்க மேடம்’ என்று சொல்வதில்லை.

4

கண்ணாடி சத்தத்தை விடாது. வெளியே ரேடியோ ஒரு புது ஆளின் மேசைக்குப் போய் வாசித்துக்கொண்டிருப்பதைக் கழுகு பார்ப்பாள். உதட்டசைவிலேயே எண்கள் புரியும். எண்களுக்கு நடுவே வேறு ஏதாவது வருகிறதா என்பதுதான் பிடிபடவில்லை. வந்தால் வயிறெரியும், வராவிட்டால் அதைவிடக் கஷ்டமாக இருக்கும்.

“பெரிய ஆளானப்புறம் நீ ஆஃபீஸ் கதையே சொல்றதில்ல” என்றார் கணவர்.

“சொல்ற மாதிரி ஒண்ணும் நடக்கல” என்றாள்.

5

ரேடியோ மாற்றல் கேட்டு வந்தாள். பாலம் கட்டும் இடத்துக்கே, தூரத்துக்கு.

“ஏன்?”

“இத்தன வருஷமா வரைஞ்சதையே வாசிச்சாச்சு. அது நிக்கிறத ஒரு தடவ பக்கத்துல இருந்து பாக்கணும் மேடம்.”

“என்னாலயா போற?”

ரேடியோ யோசித்தாள். “பாதி. மீதி எனக்காக.”

“அந்த முதல் தரம் உனக்குத்தான் வந்திருக்கணும். எனக்குத் தெரியும்.”

“எனக்கும்தான் தெரியும். அத அன்னிக்கு ஒரு வார்த்த சொல்லிருந்தா போதும்.”

[இதில் ரேடியோ அழ வேண்டுமா? அழ வைத்துப் பார்த்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை முறைத்தாள். அந்த வரியை அடித்துவிட்டேன்.]

கழுகு அனுமதி கொடுத்தாள். லிஃப்ட் வரைக்கும் கூடவே நடந்தாள். உள்ளே போய் நின்ற ரேடியோ, கதவு மூடும் நேரத்தில் சட்டென்று நிமிர்ந்து, “பாலம் முடிஞ்சதும் ஒரு தடவ வா” என்று ஆரம்பித்தாள். சொல் முடிவதற்குள் கதவு சேர்ந்துகொண்டது.

6

“வா-ன்னாங்களா, வாங்க-ன்னாங்களா?” என்று கண்ணாடி அறையில் அவரிடம் கேட்டேன்.

அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. “தெரியல. கேட்டுடலாம்னு ஃபோன எடுப்பேன். ‘ங்க’ன்னு சொல்லிட்டா என்ன பண்றது? வச்சுடுவேன்.”

பாலம் முடிந்துவிட்டது. அவர் இன்னும் போகவில்லை, போகப் போவதில்லை என்றும் சொல்லவில்லை. ஒரு முடிவில் அவரை ரயிலில் ஏற்றிப் பார்த்தேன். இன்னொன்றில் அந்தக் காலி மேசைக்கு வேறு ஆளைக் கொண்டுவந்தேன். இரண்டும் என் வசதிக்கு எழுதியவை, கிழித்துப் போட்டேன். ‘ங்க’வை எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். என்னால் ஆகவில்லை. உங்களோடும் ஒரு மேசையில் யாராவது ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். அவள் குரலில் நீங்களே வாசித்து முடித்துக்கொள்ளுங்கள்:

“பாலம் முடிஞ்சதும் ஒரு தடவ வா