வீட்டாள் கையெழுத்து

ரமீஜாவின் ரத்ததான நோட்டில் ஓ நெகட்டிவ் ஆட்கள் மூன்றே பேர். ஒருவர் துபாய்க்குப் போய்விட்டார். இன்னொருவர் போன மாதம்தான் ரத்தம் கொடுத்திருந்தார். மிச்சம் முத்துப்பாண்டி. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்ற ஜாஸ்மினுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. இருந்த ஒரு பாட்டில் ஏறிக்கொண்டிருக்கிறது, நாலு மணிக்குள் கொடுக்கிற ஆள் வந்தாக வேண்டும் என்று அவள் புருஷன் ஜெபின் போனில் அழுதான். அப்போது மணி மூன்று அடிக்கப் பத்து நிமிஷம்.

ராஜபாளையத்தில் வளையல் கடை வைத்துக்கொண்டு, ரத்தம் கேட்டு வருகிறவர்களுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பதையும் சேர்த்துச் செய்கிறவள் ரமீஜா. உடனே முத்துப்பாண்டியைக் கூப்பிட்டாள். அவன் கூமாப்பட்டியில் தேங்காய் லோடு ஏற்றிக்கொண்டிருந்தான்.

“நா எங்க குடுத்தேன்? நம்பர்தான் என்னுது. குடுத்தது எம் வீட்டுக்காரி வேலுத்தாயி. அவ மில்லுல ஷிப்ட்டுல இருக்கா, போனை கேட்லயே வாங்கி வச்சிருவாக.”

ரமீஜாவுக்குச் சுருக்கென்றது. ரத்ததான முகாமில் பெண்கள் ரத்தம் கொடுத்தால், கண்டவனும் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யக்கூடாதென்று புருஷன் பெயரையும் நம்பரையும் எழுதிவைத்தது அவள்தான். அதைப் பெரிய மரியாதை என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஸ்கூட்டரை விரட்டி நூல் மில் கேட்டுக்குப் போனாள். வாட்ச்மேன் பொன்னுராஜ் நல்ல மனுஷன்தான், ஆனால் பயந்தவர். ஷிப்ட் முடியும் முன் பெண்கள் வெளியே போவதென்றால் வீட்டாள் வந்து கையெழுத்துப் போட வேண்டும். போன வருஷம் ஒருத்தி கேட் பாஸ் வாங்கிப் போய்க் கல்யாணம் செய்துகொண்டாள். அந்த ஒருத்திக்காக முந்நூறு பேருக்கும் பூட்டு.

அவர் உள்ளே சொல்லியனுப்ப, தலையெல்லாம் பஞ்சோடு வேலுத்தாய் வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கிளம்பத்தான் திரும்பினாள், பிறகு நின்றாள். பள்ளிக்கூடம் விட்டு மகள் பூட்டின வீட்டு வாசலில் நிற்பாளே என்றாள். ரமீஜா அந்த இடத்திலேயே தன் மகள் ஃபஸீலாவைக் கூப்பிட்டு, பிள்ளையை அழைத்துவந்து சோறு போட்டுக் கூடவே இருக்கச் சொன்னாள். அந்தக் கவலை தீர்ந்தது.

கையெழுத்து பாக்கி. முத்துப்பாண்டி வந்துசேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ரமீஜா ரிஜிஸ்டரை இழுத்துக் கையெழுத்துப் போட்டாள். ‘உறவு’ என்ற கட்டத்தில் பேனா ஒரு கணம் நின்றது, பிறகு ‘அக்கா’ என்று எழுதியது.

பொன்னுராஜ் ரமீஜாவின் புர்காவையும் வேலுத்தாயின் குங்குமத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

“எங்க அக்காதான். மேல யாராச்சும் கேட்டா எங்கிட்ட கேக்கச் சொல்லுங்க,” என்றாள் வேலுத்தாய்.

மணி மூன்று இருபது. பொன்னுராஜ் பேனாவை வாங்கினார். கையெழுத்தை அடித்துவிடப் போகிறார் என்று ரமீஜா நினைத்தாள். அவர் கீழே ‘சாட்சி’ என்று எழுதித் தன் பெயரையும் போட்டார். கேட்டைத் திறந்துவிட்டார்.

நாலுக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தார்கள். விரலில் குத்தி ரத்தம் பார்த்த நர்ஸ் சரி என்று தலையாட்டி, ரத்தம் எடுக்க வேலுத்தாயை உள்ளே அழைத்துப் போனாள்.

ஆறரைக்கு ஜெபின் வந்தான். ஜாஸ்மினுக்கு ரத்தப்போக்கு நின்றுவிட்டது, கண் திறந்து பிள்ளையைக் கேட்டாளாம். சொல்லிவிட்டு வேலுத்தாயைக் கையெடுத்துக் கும்பிட்டான்.

அவன் போன பிறகு வேலுத்தாய் ரமீஜாவின் பையிலிருந்த நோட்டை வாங்கிப் பார்த்தாள். “எம் ரத்தத்துக்கு அவிய பேரா?” என்றாள். கோபமாகக்கூட இல்லை.

ரமீஜா மன்னிப்புக் கேட்டு, முத்துப்பாண்டி பெயரை அடித்துவிட்டு வேலுத்தாய் என்று எழுதினாள். மில் கேட்டின் போன் நம்பரையும் பக்கத்தில் சேர்த்தாள்.

“இதுல உங்க பேரு எங்க இருக்குக்கா?” என்றாள் வேலுத்தாய்.

ரமீஜா பக்கத்தைப் புரட்டினாள். ஆறு வருஷமாக நாலு மாதத்துக்கொரு தரம் அவள் கொடுத்த பி பாசிட்டிவ் ரத்தம், ரஃபீக் என்ற அவள் வீட்டுக்காரர் பெயரில் இருந்தது. ரஃபீக்குக்கு ஊசியைக் கண்டாலே மயக்கம் வரும்.

வேலுத்தாய் பேனாவை எடுத்து அவளிடம் நீட்டினாள்.