வெங்காயம் வாங்கப் போன பெரியம்மா

பெரியப்பா முப்பத்து நான்கு வருடம் அரசுப் பேருந்து ஓட்டியவர். ஒரு கோழிக்குஞ்சின் மேல்கூடச் சக்கரம் ஏற்றியதில்லை என்பது அவருடைய தீராத பெருமை. அப்பேர்ப்பட்டவர் இந்த வெளிநாட்டில் ஒரு சின்னக் காரை ஓட்டிக் காட்டும் பரீட்சையில் இரண்டு தடவை ஃபெயில் என்றால் வெளியே சொல்ல முடியுமா? நினைக்கும்போதெல்லாம் பெரியம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். முந்தானையால் வாயை மூடிக்கொள்வார்.

அவர்கள் ஊர் சுற்ற வந்தவர்கள் அல்ல. ஓய்வு பெற்று, பிள்ளைகளையும் கரையேற்றிவிட்டு உட்கார்ந்திருந்தவர்களைச் சபை ஒன்றரை வருட ஊழியத்துக்கு அனுப்பியிருந்தது. படிக்கவும் பிழைக்கவும் வந்து தனியாகக் கிடக்கும் நம் இளவட்டங்களுக்குத் துணையாக இருப்பதுதான் வேலை. துணிக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் ஒரு கூடம். நாற்பது மடக்கு நாற்காலி, ஒரு கால் ஆடும் டேபிள் டென்னிஸ் மேசை. புதன்கிழமை வேதப் பாடம், வெள்ளிக்கிழமை சாப்பாடு. காலை ஆறரைக்கு முழங்காலில் ஜெபம், ஒரு நாள் அவர், ஒரு நாள் இவர். பெயர் அட்டை குத்தாமல் குப்பை கொட்டக்கூடக் கீழே இறங்கக் கூடாது. அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் வருகிற பிள்ளைகளுக்கு அவர்கள் பெரியப்பாவும் பெரியம்மாவும்தான்.

பிள்ளைகளில் பாதிப் பேர் ஊருக்கு வெளியே விடுதிகளில் இருந்தார்கள். ஏழு மணிக்கு மேல் அந்தப் பக்கம் பஸ் கிடையாது. சபை கொடுத்த வேனில் பெரியப்பா இரண்டு நடை அடித்து அவர்களை ஏற்றி வருவார், திரும்பக் கொண்டுபோய் விடுவார். முதல் ஆறு மாதம் அவருடைய பழைய லைசென்ஸ் செல்லுபடியானது. ஏழாம் மாதம் வேன் நின்றது. வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டில் பாதி மிஞ்ச ஆரம்பித்தது.

ஊழியத் தலைவர் வந்து பார்த்தார். தங்கமான மனிதர், ஆனால் கறார்.

"மாசக் கடைசிக்குள்ள உங்க ரெண்டு பேர்ல ஒருத்தராவது லைசென்ஸ் எடுக்கணும். இல்லன்னா வேன் வேற ஊருக்குப் போயிடும். நீங்க தலைமை ஆபீசுக்கு வந்து கவர் ஒட்ட வேண்டியதுதான்."

பெரியப்பாவின் காதில் 'கவர் ஒட்ட' என்பது மட்டும் விழுந்தது. பெரியம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் இருந்தவர். அந்தக் காதில் 'ரெண்டு பேர்ல ஒருத்தர்' என்பது போய் உட்கார்ந்துகொண்டது.

பெரியப்பாவுக்கு ஓட்டத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. தெரிந்தது அதிகமாகப் போனதுதான் வில்லங்கம். முதல் பரீட்சையில், வழியில் இருந்த பஸ் ஸ்டாப்பில் எல்லாம் ஓரம் கட்டி நிறுத்தினார். கை தானாகத் திருப்பிவிட்டதாம். மூன்றாவது ஸ்டாப்பில் ஒரு அம்மாள் பையோடு வந்து பின்கதவைத் திறக்கப் பார்த்திருக்கிறாள். இரண்டாம் பரீட்சையில் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டாப்புகளைத் தாண்டினார். ஆனால் சிக்னலில் பச்சை விழுந்த பிறகும் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஏழு கார் ஹாரன் அடித்தது.

"ஏங்க, பச்சை விழுந்தா போக வேண்டியதுதானே?" என்றார் பெரியம்மா.

"ரெண்டு விசில் வரலையே!"

ஆயுசு முழுக்கக் கண்டக்டரின் இரட்டை விசிலுக்குப் புறப்பட்டு, ஒற்றை விசிலுக்கு நின்ற கால் அது. வேன் ஓடிய காலத்தில் பிள்ளைகளே ஒரு விசில் வாங்கி வைத்துப் பின்னாலிருந்து ஊதிக்கொண்டு வந்தார்கள். பரீட்சை அதிகாரி எங்கே போவாள் விசிலுக்கு?

இதற்கு மேல் பொறுத்தால் கவர்தான் என்று பெரியம்மா முடிவு செய்தார். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மூன்றாவது பரீட்சைக்கு அவர் பெயரைப் பதியும்போதே, ஒன்றரை மணி நேரம் தள்ளித் தன் பெயரையும் பதிந்தார். பிள்ளைகளில் ஒருத்தி நர்ஸ், சாயங்காலமெல்லாம் டியூட்டி, சொந்தமாகச் சின்னக் கார் வைத்திருந்தாள். மதியம் பெரியப்பா கண்ணயரும் நேரத்தில், "வெங்காயம் வாங்கிட்டு வந்துடறோம்" என்று இருவரும் கிளம்புவார்கள். கடையின் பின்பக்கம் காலியாகக் கிடக்கும் கார் நிறுத்தத்தில் பெரியம்மா வட்டமடிப்பார். ஒரே நேரத்தில் பத்து இணைப்பைப் பார்த்துக்கொண்ட கைக்கு ஸ்டீயரிங்கும் கியரும் ஒரு பொருட்டில்லை. கால்தான் படுத்தியது.

"பெரியம்மா, பிரேக்! ஐயோ, அது பிரேக் இல்ல!" என்று நர்ஸ் அலறுவாள். பெரியம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, அதனாலேயே பாதை தெரியாமல் போகும். அறுபத்து மூன்று வயதில் இப்படி ஒரு ஆனந்தம் காத்திருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

ஊழியத்துக்கு வந்த இடத்தில் பொய் சொல்லலாமா? கூடாது. ஆகவே ஒவ்வொரு தடவையும் வெங்காயம் வாங்கிக்கொண்டுதான் வந்தார். மூன்று வாரத்தில் சமையலறையில் கால் வைக்க இடமில்லை. வெங்காயக் குழம்பு, வெங்காயப் பொரியல், வெங்காயச் சோறு.

"என்னம்மா இது, வீட்டுக்குள்ளயே விளையுதா?" என்றார் பெரியப்பா.

"உடம்புக்கு நல்லதுங்க. சாப்பிடுங்க."

வெள்ளிக்கிழமை காலை ஜெபம் பெரியம்மாவின் முறை. 'கர்த்தாவே, இவர் பாஸ் பண்ணட்டும்' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, 'முடியாவிட்டால் நான்' என்று மனசுக்குள் சேர்த்துக்கொண்டார். பெரியப்பா பலமாக ஆமென் சொன்னார். பெரியம்மாவுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. அந்த மனுஷனுக்கென்று இருப்பது இந்த ஒரு வித்தைதான். அதிலும் பெண்டாட்டி முந்திக்கொண்டால் தாங்குவாரா?

நர்ஸ்தான் அவர்களை வேனில் பரீட்சை அலுவலகத்துக்குக் கூட்டிப் போனாள். ஒன்பது மணிக்குப் பெரியப்பா அலுவலகத்துக் காரில் அதிகாரியோடு கிளம்பினார். சிரிப்பு என்பதையே அறியாத முகம் அந்த அம்மாளுக்கு. ஒன்பதே முக்காலுக்குத் திரும்பியிருக்க வேண்டும். அவர் பாஸ் என்றால் சத்தமில்லாமல் தன் பெயரை அடித்துவிடலாம் என்பது பெரியம்மாவின் கணக்கு. பத்து ஆயிற்று. பத்தே கால் ஆயிற்று. வண்டியைக் காணோம்.

"ஏதாவது ஆயிருக்குமாடி?"

"ஆயிருந்தா சைரன் கேட்டிருக்கும் பெரியம்மா" என்று நர்ஸ் தன் தொழில் ஞானத்தில் தைரியம் சொன்னாள்.

பத்தரைக்குப் பெரியம்மாவின் எண்ணைக் கூப்பிட்டார்கள். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போவதா? போகாவிட்டால் இன்று சாயங்காலம் நாற்காலிகள் காலியாகவே கிடக்குமே. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார்.

"அதிகாரி கொட்டாவி விட்டா நல்லா ஓட்டறீங்கன்னு அர்த்தம்" என்று காதில் ஓதி அனுப்பினாள் நர்ஸ்.

பக்கத்தில் உட்கார்ந்த இளைஞர் முதல் திருப்பத்தில் ஒரு கொட்டாவி விட்டார். பாலத்தில் இரண்டாவது. பின்னுக்கு எடுத்து நிறுத்தியபோது, தாடை கழன்றுவிடும்போல மூன்றாவது. பெரியம்மாவுக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

பாஸ் என்று எழுதிய காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பெரியம்மா வாசலுக்கு வரவும், எதிரே ஒரு பெரிய பஸ் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. அதிலிருந்து பெரியப்பா இறங்கினார். பின்னாலேயே அதிகாரி அம்மாள். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"காரு எங்கங்க?"

"டிப்போவுல இருக்கு" என்றார் பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டு.

நடந்தது இதுதான். எல்லாம் ஒழுங்காகத்தான் போயிருக்கிறது. ஒரு பஸ் முன்னால் வந்து சேர்ந்துகொண்டது. பழகிய முதுகைப் பார்த்ததும் பெரியப்பா மனசு இளகி அதன் பின்னாலேயே போயிருக்கிறார். அதிகாரி சொன்ன திருப்பம் எதுவும் காதில் ஏறவில்லை. பஸ் டிப்போவுக்குள் நுழைய, இவரும் நுழைந்து, இரண்டு பஸ்ஸுக்கு நடுவே அளவெடுத்த மாதிரி காரைச் செருகிவிட்டு இறங்கிக் கையெழுத்துப் போடும் நோட்டைத் தேடியிருக்கிறார். மற்ற டிரைவர்கள் கை தட்டினார்களாம். அதற்குள் காருக்கு முன்னால் வரிசையாகப் பஸ்கள் வந்து நின்றுவிட்டன.

"மூணாவது தடவையும் போச்சு. கவர்தான் ஒட்டணும்" என்றார். அப்போதுதான் பெரியம்மாவின் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தார். வாங்கிப் படித்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். நர்ஸ் மெதுவாக வேனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"இதுக்குத்தான் அவ்ளோ வெங்காயமா?"

"கோபமாங்க?"

அவர் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"ரிவர்ஸ் எடுக்கும்போது கண்ணாடி பார்த்தியா?"

"ரெண்டு பக்கமும் பார்த்தேன்."

"ம்" என்றார். பிறகு நர்ஸைப் பார்த்து, "ஏய், ஒளியாத, வா. வேன்ல இருக்கற அந்த விசிலை எடுத்துக் குடு" என்று கை நீட்டினார்.

விசிலை வாங்கிச் சட்டையில் துடைத்தார். "முப்பத்தி நாலு வருஷம் என் முதுகுக்குப் பின்னாடி ஜனங்க சிரிச்சிருக்காங்க. என்னத்துக்குன்னு ஒரு நாளும் எனக்குத் தெரிஞ்சதில்ல. கண்டக்டருக்குத்தான் தெரியும். பிள்ளைங்க முகத்தை இனியாவது பார்க்கறேன்" என்று சொல்லிவிட்டு வேனின் பக்கக் கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். பெரியம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

அன்று சாயங்காலம் விடுதி வாசலில் எட்டுப் பேர் முண்டியடித்து ஏறினார்கள். பெரியப்பா ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விசாரித்து, உட்கார வைத்து, கதவைச் சாத்தி இரண்டு விசில் ஊதினார். பெரியம்மா வண்டியை எடுத்தார். முதல் ஸ்டாப் தாண்டுவதற்குள் பின்னால் கொல்லென்று ஒரு சிரிப்பு. பெரியப்பாவின் சிரிப்புதான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

பெரியம்மாவுக்குத் தலை வெடித்துவிடும்போல இருந்தது. "என்னங்க? என்ன சொன்னீங்க? எனக்கும் சொல்லுங்களேன்!"

"டிரைவர்கிட்டப் பேசக் கூடாது" என்றார் பெரியப்பா. "ரோட்டைப் பாரும்மா."